எல்லாஸ் பிங்க் லேடி: ஒரு பழைய படகின் இரண்டாவது ஆயுள்

2010 மே 15 அன்று இளஞ்சிவப்பு நிறப் பாய்மரப் படகு ஒன்று சிட்னி துறைமுகத்துக்குள் நுழைந்தபோது கரையெங்கும் கூட்டம். படகைத் தனியாக ஓட்டிவந்த ஜெசிகா வாட்சனுக்குப் பதினேழு வயது நிறைய இன்னும் மூன்று நாள் பாக்கி. 210 நாட்கள் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், எவர் கையும் படகில் படாமல் அவர் உலகைச் சுற்றி வந்திருந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய ‘ட்ரூ ஸ்பிரிட்’ அதே ஆண்டு புத்தகமாக வந்தது. 2023-இல் நெட்ஃபிளிக்ஸ் அதைப் படமாக வெளியிட்டது. அவருடைய கதை ஊரறிந்தது. அவரைச் சுமந்த படகுக்கும் தனியாக ஒரு வரலாறு உண்டு. அது அவருக்கென்று புதிதாகக் கட்டப்பட்டதல்ல. கைமாறி வந்த பழைய ஃபைபர் கிளாஸ் படகு. உலகைச் சுற்றக் கிளம்புவதற்கு முன் ஒரே ஆண்டில் இரண்டு முறை அதன் உடலைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. முதல் முறை வயதின் காரணமாக. இரண்டாம் முறை ஒரு சரக்குக் கப்பலின் காரணமாக.

ஒரே வடிவில் ஒரு குடும்பம்

அந்தப் படகு வகையின் பெயர் எஸ் அண்ட் எஸ் 34. நியூயார்க்கின் ஸ்பார்க்மேன் அண்ட் ஸ்டீபன்ஸ் நிறுவனம் 1968-இல் வரைந்தது. நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் ஓலின் ஸ்டீபன்ஸ், அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்தில் வென்ற பல படகுகளை உருவாக்கியவர். 34 என்பது அடிக்கணக்கில் நீளம். மீட்டரில் பத்துக்குச் சற்று மேல். 1969-இல் எட்வர்ட் ஹீத் இந்த வகைப் படகான ‘மார்னிங் கிளவுட்’டில் சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தை வென்றார். மறு ஆண்டே அவர் பிரிட்டனின் பிரதமர் ஆனார்.

பந்தயத்தில் பெயர் எடுத்த இந்த வடிவம் நெடும்பயணத்துக்கும் தாங்கும் என்று காட்டியது மேற்கு ஆஸ்திரேலியா. பெர்த்தில் ஸ்வார்பிரிக் சகோதரர்களின் பட்டறை இந்தப் படகுகளை அச்சில் வார்த்து எடுத்தது. ஜான் சாண்டர்ஸ் 1981–82-இல் ‘பெரி பானூ’ என்ற எஸ் அண்ட் எஸ் 34-இல் நடுவில் எங்கும் நிற்காமல் உலகை இரண்டு சுற்று சுற்றினார். 1996-இல் டேவிட் டிக்ஸும், 1999-இல் ஜெஸ்ஸி மார்ட்டினும் பதினெட்டு வயதில் இதே வகைப் படகில் தனியே சுற்றி முடித்தார்கள். மார்ட்டின் எழுதிய ‘லயன்ஹார்ட்’ புத்தகத்தை ஜெசிகாவின் அம்மா தம் பிள்ளைகளுக்கு இரவில் வாசித்துக் காட்டினார். தானும் போக வேண்டும் என்ற ஆசை அந்தச் சிறுமிக்கு அங்கே பிறந்தது. ஆகவே எந்தப் படகு என்ற கேள்வி வந்தபோது, அதே கடல்களை முன்பே கடந்து காட்டிய ஒரு குடும்பம் விடையாக இருந்தது.

இந்தக் குடும்பம் பிறந்த காலத்தில் கண்ணாடியால் படகு செய்வது இளம் தொழில். 1930-களில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், ஓவன்ஸ்-இல்லினாய் கண்ணாடி நிறுவனத்தில், உருகிய கண்ணாடி மீது வேகமாகக் காற்றுப் பாய்ந்தபோது அது மெல்லிய இழைகளாகப் பிரிந்தது. கேம்ஸ் ஸ்லேட்டர் அதைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் முறையாக வளர்த்தார். இழை மட்டும் இருந்தால் துணி மாதிரி மடங்கும். இறுகும் பிசினான ரெசின் மட்டும் இருந்தால் நொறுங்கும். இரண்டையும் சேர்த்து இறுகவிட்டால் இழுவிசையை இழை தாங்கிக்கொள்ளும், வடிவத்தை ரெசின் பிடித்துவைக்கும். 1942-இல் ஓஹியோவைச் சேர்ந்த ரே கிரீன் இந்தக் கலவையில் படகு செய்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் உல்லாசப் படகுகளில் மரத்தின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்தது. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் மீனவர்கள் ‘ஃபைபர் போட்டு’ என்று சொல்வதும் இதே பொருளால் ஆனதுதான்.

ஃபைபர் கிளாஸ் படகு வெளியிலிருந்து உள்ளே வளர்கிறது. பளபளப்பாகத் தேய்த்து மெழுகு பூசிய அச்சுக்குள் முதலில் ஜெல்கோட்டைத் தெளிப்பார்கள். அது நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின். அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதன்மேல் இழை விரிப்பு, ரெசின், உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுதல், மறுபடி விரிப்பு, மறுபடி ரெசின் என்று அடுக்கு ஏறும். இறுகிய பின் அச்சிலிருந்து பிரித்தால், முதலில் பூசியது வெளித்தோலாக நிற்கும். ஆரம்ப காலப் பட்டறைகளுக்கு இந்தப் பொருள் எவ்வளவு காலம் தாங்கும் என்ற உறுதி இல்லை. அதனால் பெரும்பாலும் தேவைக்கு மேலேயே கனமாக அடுக்கினார்கள். அந்தத் தலைமுறைப் படகுகள் இன்றும் பழுதுபார்த்து ஓட்டத் தகுந்தவையாக இருப்பதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம்.

வயது எங்கே தெரியும்

மரம் உளுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். இரண்டும் கண்ணில் படும். கண்ணாடி இழைப் படகு மூப்பை மறைத்துக்கொள்ளும். மெருகு ஏற்றினால் முப்பது வயதுப் படகும் புதிது மாதிரி மின்னும். எனவே இத்தகைய படகை வாங்குகிறவர் கண்ணை மட்டும் நம்பக் கூடாது.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் பகுதியில் முதலில் பார்ப்பது கொப்புளம். ஜெல்கோட் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் நீர் மூலக்கூறுகள் அதற்குள் ஊடுருவி, ரெசினில் முழுமையாக வினைபுரியாமல் தங்கிவிட்ட வேதிப்பொருள்களோடு சேர்கின்றன. அங்கே ஒரு அமிலக் கரைசல் உருவாகிறது. அடர்ந்த கரைசல் வெளியிலிருந்து மேலும் நீரை உறிஞ்ச, அழுத்தம் கூடி ஜெல்கோட்டைக் கொப்புளமாகத் தள்ளுகிறது. குத்திப் பார்த்தால் வினிகர் வாடையோடு நீர் கசியும். படகுக்காரர்கள் இதை ஆஸ்மாஸிஸ் என்கிறார்கள். சில கொப்புளங்களால் படகு மூழ்காது. கவனிக்காமல் விட்டால் அடுக்குகள் மெல்லப் பிரியத் தொடங்கும்.

அடுத்தது விரிசல். ஜெல்கோட்டில் சிலந்தி வலையாகக் கோடுகள் இருந்தால் அவை எங்கிருந்து கிளம்புகின்றன என்று பார்க்க வேண்டும். கைப்பிடிக் கம்பியின் அடியிலோ பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் இறங்கும் இடத்திலோ இருந்தால் அங்கே படகின் உடலான ஓடு வளைகிறது என்று பொருள். மேல்தளம் தனிக் கவலை. பல படகுகளில் இரண்டு இழை அடுக்குகளுக்கு நடுவில் பால்சா மரத்தையோ ஒட்டுப்பலகையையோ வைத்திருப்பார்கள். ஒரு திருகாணியின் ஓட்டை வழியே நீர் இறங்கினாலும் அந்த மரம் உள்ளேயே மக்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கும் கருவி எளிமையானது. சிறிய சுத்தியலின் பின்புறத்தால் படகின் உடலை அங்குலம் அங்குலமாகத் தட்டுவார்கள். பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்த்துக் கீறலைக் கண்டுபிடிப்பது மாதிரி, காதுதான் இங்கே தீர்ப்பு சொல்லும். கணீரென்று கேட்டால் அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன. மந்தமாகக் கேட்டால் உள்ளே பிரிவு. ஈரமானி அதை உறுதிசெய்யும். பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போனால், கடைசியில் படகின் பக்கவாட்டில் நோய்களின் வரைபடம் ஒன்று கிடைத்துவிடும்.

கரையேறிய படகு

ஜெசிகாவுக்கு அந்தப் பழைய எஸ் அண்ட் எஸ் 34-ஐ வாங்கிக் கொடுத்தவர் டான் மெக்கின்டயர் என்ற ஆஸ்திரேலியக் கடலோடி. பிற்காலத்தில் கோல்டன் குளோப் பந்தயத்தை மீண்டும் தொடங்கியவர் இவரே. படகைத் தயார்செய்யும் பொறுப்பை ஏற்றவர் புரூஸ் ஆர்ம்ஸ், அனுபவமுள்ள மாலுமி. குயின்ஸ்லாந்தின் சன்ஷைன் கோஸ்ட் பகுதியில் 2009-இல் மாதக்கணக்கில் வேலை நடந்தது. படகின் உள்ளே இருந்ததெல்லாம் கழற்றப்பட்டது. குடும்பமும் தன்னார்வலர்களும் கைகொடுத்தார்கள். ஜெசிகாவும் உப்புத்தாளும் தூசியுமாக அந்த வேலையில் இருந்தார்.

இந்த இறுதித் தகவல்தான் இந்தப் படகின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புதுப் படகு வாங்கி ஏறுகிறவருக்குச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பழைய படகைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியவருக்கு ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது, எந்தத் திருகாணி எதைப் பிடித்திருக்கிறது, எந்த இடம் வலுப்படுத்தப்பட்டது என்பது கையாலேயே தெரியும். கரையிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஏதாவது உடைந்தால் அங்கே மெக்கானிக் கிடையாது. பழுதுபார்க்கும் காலமே அவருக்குப் படிப்புக் காலமாக அமைந்தது.

பழைய படகின் உடலைத் திறக்கும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கழுவுதல். மெழுகும் எண்ணெய்ப் பசையும் இருக்கும்போதே தேய்க்கத் தொடங்கினால் உப்புத்தாள் அவற்றை ஓட்டுக்குள் அழுத்திவிடும். பின்னால் போடும் பெயின்ட் அங்கே ஒட்டாது. எனவே கரைப்பானில் துணியை நனைத்துத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் எடுத்த பிறகே கிரைண்டர் வரும்.

கொப்புளம் வந்த இடத்தில் ஜெல்கோட்டைச் சுரண்டி எடுத்து, உள்ளிருக்கும் அமில நீர் போகும் வரை நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். பிறகு காயவிட வேண்டும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். இங்கே அவசரப்பட்டு எபாக்ஸி ரெசினால் மூடினால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்ததாக ஆகிவிடும். படகுப் பட்டறைகளில் வீணாகும் பணத்தில் பெரும்பங்கு இந்தப் பொறுமையின்மையால் வீணாவது.

ஓட்டை விழுந்த இடத்துக்கு வேறு கணக்கு. ஓட்டையின் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி வைத்து ஒட்டினால் அது நிற்காது. ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து அகலப்படுத்த வேண்டும். ஓட்டின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவு போக வேண்டும் என்பது பொதுவான விதி. ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள ஓட்டில் பத்து சென்டிமீட்டர் ஓட்டை என்றால், சரிவோடு சேர்த்துக் காயத்தின் அகலம் இருபத்து நான்கு சென்டிமீட்டருக்கு மேல் போகும். நல்ல நிலையில் உள்ள பகுதியை ஏன் இவ்வளவு தேய்த்து வீணாக்க வேண்டும் என்று முதன்முறை பார்ப்பவருக்குத் தோன்றும். காரணம் உண்டு. ஒரே அச்சில், ஒரே நாளில் அடுக்கிய இழைகள் வேதி முறையில் பிணைந்தவை. பிற்பாடு சேர்க்கும் இழை பழைய ஓட்டின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு மட்டுமே நிற்கும். அந்தப் பிடிப்பு வலுவாக வேண்டுமானால் பரப்பு அகலமாக வேண்டும். அதனால்தான் சரிவு.

கலவையில் தயவு தாட்சண்யம் கிடையாது. பாலியெஸ்டர் ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் ஓரிரு சதவீதம். வெயிலைப் பொறுத்துச் சற்று கூட்டலாம், குறைக்கலாம். எபாக்ஸியில் அது முடியாது. ஐந்துக்கு ஒன்று என்று போட்டிருந்தால் ஐந்துக்கு ஒன்றுதான். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றினால் அது எப்போதும் முழுதாக இறுகாது. இறுகும்போது சூடு பிறக்கும். ஒரே மூச்சில் கனமாக அடுக்கினால் அந்தச் சூட்டிலேயே அடுக்கு கெடும். எபாக்ஸி காய்ந்த பிறகு சில சமயம் மேலே வழுவழுப்பாக ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரால் கழுவாமல் அடுத்த வேலை தொடங்கக் கூடாது.

வேலை செய்கிறவரின் உடலும் இதில் கணக்குக்கு வரும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் குத்தி அரிக்கும், நுரையீரலுக்கும் போகும். பாலியெஸ்டரின் ஸ்டைரின் வாடை தலையைச் சுற்றவைக்கும். இரண்டு டப்பாவாக வரும் பாலியூரித்தேன் பெயின்ட்டின் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு திணறும். முகமூடியும் கையுறையும் இங்கே கருவிப் பெட்டியின் முதல் பொருள்கள். நம் கடற்கரைகளிலும் வெறும் கையோடு ஃபைபர் வேலை செய்கிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

நிறம் ஏறுதல்

வலு வந்த பிறகு அழகு. எபாக்ஸியில் மிக நுண்ணிய கண்ணாடிக் கோளங்களைக் கலந்து லேசான பட்டி செய்வார்கள். பள்ளங்களில் அதை இழுத்துவிட்டு, காய்ந்ததும் ஒரு கை நீளப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி இரண்டு கையாலும் குறுக்குவாட்டில் தேய்ப்பார்கள். சிறிய பலகை பள்ளத்துக்குள் இறங்கிப் பள்ளத்தையே பின்பற்றும். நீளப் பலகை மேடுகளின் மேல் மட்டும் போகும். இடையிடையே மெல்லிய கறுப்பு நிறத்தைத் தூவிவிட்டுத் தேய்த்தால், கறுப்பு எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே பள்ளம். ஓடு முழுவதும் இதைச் செய்து முடிப்பதற்குள் தோள் கழன்றுபோகும். பெயின்ட் அடிக்கும் வேலையில் தூரிகை பிடிக்கும் நேரம் மிகக் குறைவு, மற்றதெல்லாம் தேய்ப்பு.

பிரைமருக்கு மேலே வரும் பாலியூரித்தேன் பூச்சு காய்ந்தபின் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அவ்வளவு மெல்லிய படலத்தால் எதையும் மறைக்க முடியாது. அடியில் விட்ட ஒவ்வொரு கீறலையும் அதன் பளபளப்பு பெரிதாக்கிக் காட்டும். ஸ்ப்ரே இல்லாத இடங்களில் இருவராக அடிப்பார்கள். ஒருவர் சிறிய ரோலரால் மெல்லிசாகப் பூசிக்கொண்டே போவார். பின்னால் வருபவர் தூரிகையின் நுனியால் குமிழிகளை வருடி உடைத்துக்கொண்டே வருவார். ஈர விளிம்பு காய்வதற்குள் அடுத்த பகுதி வந்து சேர வேண்டும். நடுவில் நின்றால் கோடு விழும். பனி விழும் விடியலும் ஆகாது. உச்சி வெயிலும் ஆகாது. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, காற்று இல்லாத முற்பகலில் தொடங்குவார்கள்.

நீர்மட்டத்துக்கு அடியில் போகும் பெயின்ட் வேறு ஜாதி. அங்கே பளபளப்புக்கு வேலை இல்லை. பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்க வேண்டும். அதற்குச் செம்புச் சேர்மம் கலந்த பெயின்ட். முன்பு டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மத்தைக் கலந்தார்கள். அது படகின் அடியைச் சுத்தமாக வைத்தது. கூடவே துறைமுகங்களின் சிப்பிகளையும் நத்தைகளையும் சிதைத்தது. பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே முடங்கியது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001-இல் கொண்டுவந்த தடை ஒப்பந்தம் 2008-இல் அமலுக்கு வந்தது.

ஜெசிகாவின் படகு ஏற்றுக்கொண்டது அடர்ந்த இளஞ்சிவப்பு. பிங்க் லேடி என்ற பெயரோடு, ஆதரவளித்த எல்லா பாஷே என்ற அழகுசாதன நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து ‘எல்லாஸ் பிங்க் லேடி’ ஆயிற்று. நுரை பொங்கும் கடலில் வெள்ளைப் படகு அலையோடு அலையாகக் கரைந்துபோகும். இந்த நிறமோ இயற்கையான கடலில் எங்கும் இல்லாதது. தொலைக்காட்சியில் ஒருமுறை பார்த்தவர்களும் மறக்காத அடையாளமாக அது மாறியது.

செப்டம்பர் 9, பின்னிரவு

வேலை முடிந்து குயின்ஸ்லாந்திலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய முதல் இரவிலேயே விபத்து. 2009 செப்டம்பர் 9, அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன். வடக்கு ஸ்ட்ராட்புரோக் தீவின் பாயின்ட் லுக்அவுட்டுக்குக் கிழக்கே, ஹாங்காங் பதிவு பெற்ற ‘சில்வர் யாங்’ என்ற சரக்குக் கப்பலோடு படகு மோதியது. அதை 63,000 டன் கப்பல் என்று அப்போதைய செய்திகள் குறிப்பிட்டன. ஜெசிகா உள்ளே சிறு தூக்கத்தில் இருந்தார். கப்பலின் இரும்புச் சுவரை உரசியபடி படகு நகர, கம்பிகள் சிக்கிப் பாய்மரம் முறிந்து விழுந்தது.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு இதை விசாரித்தது. மோதலுக்கு முன் படகிலும் சரி, கப்பலிலும் சரி, சரியான கண்காணிப்பு இல்லை என்றது அதன் அறிக்கை. இதில் படகின் பொருளும் சம்பந்தப்பட்டிருக்கிறது. இரும்பு ராடார் அலைகளைத் திருப்பி அனுப்பும். கண்ணாடி இழை பெரும்பாலும் அவற்றைத் தன்னூடே போகவிடும். கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும், இருட்டில் கப்பலின் திரைக்கு அந்த ஓடு ஏறக்குறைய இல்லாத பொருள். எனவே இத்தகைய படகுகள் ராடார் எதிரொலிப்பான்களையும், தம் இருப்பிடத்தைத் தாமே அறிவிக்கும் கருவிகளையும் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்த இரவில் இன்னொன்றும் தெரியவந்தது. ஓடு தண்ணீரை உள்ளே விடவில்லை. சிறுமி உடைந்த கம்பிகளையும் பாய்களையும் தானே ஒழுங்குபடுத்திக் கட்டிவிட்டு, எஞ்சினை இயக்கிக் கோல்ட் கோஸ்டின் சவுத்போர்ட்டுக்குப் படகை ஓட்டிவந்தார். முறிந்த பாய்மரத்தோடு படகு உள்ளே வந்த காட்சி நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. இந்த வயதில் அனுப்பலாமா என்ற விவாதம் சூடுபிடித்தது. அந்தக் கேள்வி நியாயமானது. அதைக் கேட்டவர்கள் அக்கறையோடுதான் கேட்டார்கள். படகைப் பொறுத்தவரை பதில் பட்டறையில்தான் கிடைக்க வேண்டியிருந்தது.

மோதலுக்கும் சிட்னியிலிருந்து கிளம்பியதற்கும் இடையில் 39 நாட்கள். அதற்குள் புதிய பாய்மரம், புதிய கம்பிகள், உரசி உடைந்த பகுதிகளில் மறுபடி இழையும் ரெசினும், மறுபடி தேய்ப்பு, மறுபடி நிறம். ஃபைபர் கிளாஸின் பெரிய வரம் இங்கே தெரிகிறது. மோதிய இடத்தில் அது இரும்பைப் போல நெடுந்தூரம் நெளிந்து உருக்குலைவதில்லை. அடிபட்ட இடம் உடையும்; அதைச் சுற்றிப் பெரும்பாலும் பழைய வடிவம் அப்படியே நிற்கும். கெட்டதைத் தேய்த்து நீக்கி, சரிவு கொடுத்து, இழையை அளவு அளவாக வெட்டி அடுக்கினால், பழுதுபார்த்த இடம் மற்ற இடத்துக்கு ஈடாக நிற்கும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வெளியே தெரியும் காயத்தோடு நின்றுவிடாமல், அதிர்ச்சி எதுவரை பரவியது என்று சுற்றிலும் தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

தென் கடல்

2009 அக்டோபர் 18 அன்று எல்லாஸ் பிங்க் லேடி சிட்னியை விட்டுக் கிளம்பியது. வடகிழக்கே ஏறி நிலநடுக்கோட்டைத் தொட்டுத் திரும்பி, 2010 ஜனவரி 13-இல் தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைக் கடந்தது. அதே மாதத்தின் பிற்பகுதியில், அட்லாண்டிக்கின் தென்பகுதியில் புயல் பிடித்தது. ஒரே புயலில் நான்கு முறை படகு சாய்ந்தது. அவற்றுள் ஒன்றில் பாய்மரம் நேர் கீழே தண்ணீரைப் பார்க்கும் அளவுக்குத் தலைகீழானது. பின்தளத்தில் இருந்த தடித்த எஃகுக் குழாய்ச் சட்டகம் வளைந்துபோயிற்று. படகு ஒவ்வொரு முறையும் தானே நிமிர்ந்தது. அடியில் இருந்த கனம் அதை நிமிர்த்தியது. சட்டகத்தை வளைத்த அதே அலையைத் தாங்கிய ஓடு கடலை வெளியே நிறுத்தியது.

முழுப் பயணத்தில் ஏழு முறை இப்படிச் சாய்ந்து எழுந்தது. பிப்ரவரியில் ஆப்பிரிக்காவின் தென்கோடி, ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கிலுள்ள லூவின் முனை, பிறகு டாஸ்மேனியாவின் தெற்கே சுற்றி, மே மாதத்தில் சிட்னி. உலகச் சாதனை விதிகள் கேட்கும் 21,600 கடல்மைல் கணக்கு இந்தப் பாதைக்கு வரவில்லை என்ற சர்ச்சையும் எழுந்தது. அலையின் அடியை வாங்கிய ஓட்டுக்கு அந்தக் கணக்கு பொருட்டில்லை. சில மாதங்களுக்கு முன் கப்பலோடு மோதி உடைந்த அதே ஓடு, உலகின் மிகக் கடுமையான கடல்களில் கசியாமல் நின்றது. பட்டறையில் செய்த வேலைக்கு இதைவிடக் கடினமான தேர்வு வைக்க முடியாது.

மக்காத பொருளும் நம் கடமையும்

எல்லாஸ் பிங்க் லேடி இப்போது பிரிஸ்பேனின் சவுத் பேங்க் பகுதியில் உள்ள குயின்ஸ்லாந்து கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே காலத்தில் உலகெங்கும் அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான படகுகளுக்கு அந்தப் பேறு இல்லை. துறைமுக மூலைகளிலும் புதர் மண்டிய முற்றங்களிலும் உரிமையாளர் யாரென்று தெரியாமல் கிடக்கின்றன. அவை மக்குவதில்லை. அலுமினியத்தைப் போல உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. ஒருமுறை இறுகிய ரெசின் மீண்டும் இளகாது. வெட்டிப் புதைக்கலாம், சிமென்ட் ஆலையின் உலையில் எரிக்கலாம். இரண்டுக்கும் செலவு உண்டு. பிரான்ஸ் 2019 முதல் பழைய உல்லாசப் படகுகளைச் சேகரித்துப் பிரித்தெடுக்க ஏபெர் என்ற தனி அமைப்பின் வழியே ஏற்பாடு செய்திருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் அந்த அளவு ஏற்பாடுகூட இல்லை.

ஆகவே நல்ல ஓடுள்ள படகைப் பழுதுபார்த்து ஓட்டுவது பொழுதுபோக்குக்காரர்களின் பிடிவாதம் மட்டும் ஆகாது. ஏற்கெனவே செலவிட்ட எண்ணெயையும் கண்ணாடியையும் உழைப்பையும் இன்னொரு தலைமுறைக்குப் பயன்படுத்துகிற காரியம் அது. எல்லாப் படகும் அதற்குத் தகுதியாகாது என்பதும் உண்மை. அடுக்குகள் பெருமளவில் பிரிந்த படகை, செலவு மதிப்பைத் தாண்டும் படகை விட்டுவிடுவதே விவேகம். எது எந்த வகை என்பதை வெளி நிறம் சொல்லாது. கரையில் கிடக்கும் ஒரு பழைய படகைப் பார்த்து இது முடிந்துபோனது என்று சொல்வதற்கு முன் தட்டிக் கேட்க வேண்டும், ஈரத்தை அளக்க வேண்டும், சந்தேகமான இடத்தில் ஒரு சாண் அளவாவது சுரண்டி உள்ளே பார்க்க வேண்டும். அவ்வளவு உழைத்த பிறகு சொல்லும் தீர்ப்பு எதுவானாலும் அதற்கு மதிப்பு உண்டு.